கோத்தகிரி இலைக் கணக்கு: அழிந்த எக்ஸெல் கோப்புகளை மீட்டது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரி வட்டாரத்தில் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஓர் இலை ஏஜென்ட்டின் அலுவலகக் கணினியிலிருந்து, இரண்டு வருடத்துக்கும் மேலான கொள்முதல் கணக்கு ஒரே மாலையில் அழிந்துபோனது. அதில் பெரும்பகுதியை மீட்டோம், கொஞ்சம் மீளவில்லை. மீளாமல் போனதற்குக் காரணம் கோப்புகளை நீக்கியது அல்ல. நீக்கிய பிறகு அவற்றைத் திரும்ப எடுக்க அன்று இரவே அவசரமாகச் செய்த வேலைதான் காரணம். சர்வீஸுக்கு வரும் கணினிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுவே என்பதால், இந்த நிகழ்வை முழுசாக எழுதி வைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்திருக்கிறார்கள், பெயரும் ஊரும் சொல்லவில்லை.

முதலில் இது என்ன கணக்கு என்று சொல்லிவிட வேண்டும். 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை தேயிலை வைத்திருப்பவரைச் சிறு விவசாயி என்று தேயிலை வாரியம் கணக்கில் எடுக்கிறது. இந்தப் பக்கத்து ஹட்டிகளில், அதாவது மலைக் கிராமங்களில், பலருக்கு இருப்பது ஓரிரு ஏக்கர்தான். பறித்த இலையை ரோட்டோரம் இருக்கும் லீஃப் ஷெட்டுக்குக் கொண்டு வருவார்கள். எடை போட்டு, மழை நாளானால் ஈரத்துக்குக் கழிவு பிடித்து, மீதி எடையை அவரவர் நோட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அதே எடை சாயங்காலம் அலுவலகத்தில் எக்ஸெல் கோப்பில் ஏறும். குன்னூர் ஏல விலையை அடிப்படையாக வைத்து மாதாமாதம் சராசரி விலை அறிவிப்பு வரும். அதன்பிறகு மொத்த எடைக்குப் பணம் போட்டு, முன்பணமும் உரக்கடனும் கழித்துப் பட்டுவாடா செய்வார்கள். ஆக, ஒரு மாதக் கோப்பு என்பது அந்த மலைச்சரிவில் இருக்கும் அத்தனை குடும்பத்தின் மாத வருமானம். மாதக் கடைசியில் அது தொலைந்தால் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாது.

கணினி பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 10. உள்ளே சுழலும் தட்டு கொண்ட 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. அது சி, டி என்று இரண்டு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கணக்கு முழுவதும் டி டிரைவில், மாதத்துக்கு ஒரு கோப்பாக இருந்தது. யு.பி.எஸ். பேட்டரி போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது. மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போகும் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல.

அன்று நடந்தது

டிஸ்க் நிரம்பிவிட்டது என்று கணினி எச்சரிக்கை காட்டவே, கணக்கு எழுதும் பெண் இடம் ஒழிக்க உட்கார்ந்தார். டி டிரைவில் ஒரே மாதிரி பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்று நடப்புக் கணக்கு, மற்றொன்று எப்போதோ எடுத்து வைத்த அரைகுறை நகல். இரண்டையும் திறந்து பார்த்தால் மேலே தெரியும் பழைய மாதங்கள் ஒன்றாகவே இருந்ததால், நடப்பு ஃபோல்டரையே நகல் என்று நினைத்து ஷிஃப்ட் விசையோடு சேர்த்து டெலீட் அழுத்திவிட்டார். இடம் ஒழிக்க வருகிறவர்கள் ரீசைக்கிள் பின் வழியே போவதில்லை. அது நிரம்பினால் இடம் மிச்சமாகாதே. அதனால் கோப்புகள் அங்கே போகாமல் நேராக நீங்கின.

இந்தக் கட்டம் வரை நிலைமை மோசமில்லை. விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கைப் பராமரிக்கும் என்டிஎஃப்எஸ் முறையில், ஒவ்வொரு கோப்புக்கும் எம்எஃப்டி என்ற பதிவேட்டில் ஒரு வரி உண்டு. பெயர், அளவு, தேதி, உள்ளடக்கம் தட்டில் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அந்த வரியில் இருக்கும். கோப்பை நீக்கும்போது விண்டோஸ் அந்த வரியை அழிப்பதில்லை. 'இது இனி பயன்பாட்டில் இல்லை' என்று ஒரு குறி மட்டும் போடுகிறது. உள்ளடக்கம் இருந்த இடத்தைக் காலி இடம் என்று இன்னொரு பட்டியலில் காட்டுகிறது, அவ்வளவுதான். வரியும் இருக்கிறது, உள்ளடக்கமும் இருக்கிறது. அந்த இடத்தில் புதிதாக ஏதாவது எழுதப்படும் வரை இரண்டும் அப்படியே கிடக்கும். அப்போதே கணினியை அணைத்துவிட்டிருந்தால், எல்லாக் கோப்பும் பெயரோடு திரும்பியிருக்கும் என்று நான் உறுதியாகவே சொல்வேன்.

அன்று இரவு ஏஜென்ட்டின் உறவுக்காரப் பையன் ஒருவர் உதவிக்கு வந்தார். இலவச மீட்பு மென்பொருள் ஒன்றைப் பதிவிறக்கி நிறுவினார். இது நடந்தது சி டிரைவில். டிஸ்க் ஒன்றே என்றாலும் சி-யும் டி-யும் தனித்தனிப் பகுதிகள். சி-யில் எழுதுவது டி-யின் காலி இடத்தைத் தொடாது. கணக்கு சி டிரைவில், டெஸ்க்டாப்பிலோ டாக்குமெண்ட்ஸிலோ இருந்திருந்தால் இந்தப் பதிவிறக்கமே பாதியைத் தின்றிருக்கும். பெரும்பாலான வீடுகளில் கோப்புகள் இருப்பது அங்கேதான்.

மென்பொருள் டி டிரைவைத் துழாவிப் பட்டியல் காட்டியது. எல்லாக் கணக்கும் பெயரோடு வந்தது. அந்தப் பட்டியலில் எப்போதோ நீக்கிய கல்யாண வீடியோ, படங்கள், பாட்டு எல்லாமும் இருந்தன. ஒன்று விடாமல் தேர்வு செய்தார்கள். எங்கே சேமிக்க என்று மென்பொருள் கேட்டதும் டி டிரைவிலேயே புது ஃபோல்டர் போட்டுக் கொடுத்தார்கள். அதே டிரைவில் சேமிக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் வந்திருக்கிறது, அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

சேதம் முழுவதும் இந்தப் படியில் நிகழ்ந்தது. வெளியே எடுக்கும் ஒவ்வொரு கோப்பும் டி டிரைவின் காலி இடத்தில்தான் எழுதப்படும். அந்தக் காலி இடமோ, இன்னும் எடுக்கப்படாத கணக்குகள் கிடக்கும் இடம். முதலில் வந்த பெரிய வீடியோக்கள் பின்னால் வரவேண்டிய சின்ன எக்ஸெல் கோப்புகளின் மேல் உட்கார்ந்தன. அது மட்டுமல்ல, புதுக் கோப்புக்கு எம்எஃப்டியில் வரி தேவைப்படும்போது என்டிஎஃப்எஸ் காலியான பழைய வரியைத்தான் மறுபடி எடுத்துக்கொள்ளும். இதனால் நீக்கப்பட்ட கணக்குகளின் பெயரும் இருப்பிடமும்கூடச் சேர்ந்தே மறைந்தன. உள்ளடக்கம் போனது ஒரு பக்கம், உள்ளடக்கம் பிழைத்திருந்தும் அது எங்கே என்று சொல்லும் வரி போனது இன்னொரு பக்கம்.

"ஃபைல் எல்லாம் வந்துருச்சுங்க, ஆனா திறந்தா கரப்ட்டுன்னு சொல்லுதுங்க" என்றுதான் மறுநாள் காலையில் கணினியைக் கொண்டுவந்தார்கள். பெயர் சரியாக இருக்கும், அளவும் சரியாக இருக்கும், திறந்தால் உள்ளே வேறு ஏதோ ஒன்றின் துண்டு இருக்கும். மேலெழுதப்பட்ட கோப்பின் அடையாளமே இதுதான். இன்னொரு மென்பொருளைக் கொண்டு ஆழமான தேடல் ஒன்றையும் ஓட்டி, அதன் விளைவையும் டி-யிலேயே போட்டிருந்தார்கள். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உதவ வந்தவர் அவர் ஒருவர்தான், இதை அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கடையில் செய்தது

டிஸ்க்கைக் கழற்றி, அதன் ஆரோக்கிய அறிக்கையைப் பார்த்தோம். படிக்கத் தடுமாறும் செக்டர்கள் (தட்டில் தரவு எழுதப்படும் சிறு கூறுகள்) சில இருப்பதாகக் காட்டியது. இந்த நிலையில் டிஸ்க்கை நேராகத் துழாவக் கூடாது. முதலில் முழுப் பிரதி எடுக்க வேண்டும். அதன்பின் எல்லா முயற்சியும் பிரதியின் மேல்தான். இந்த வேலைக்கு நான் நம்புவது லினக்ஸில் இயங்கும் க்னூ டிடிரெஸ்க்யூ என்ற நிரல். அது எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, தடுமாறும் இடங்களுக்குக் கடைசியாகத் திரும்பி வரும். எதைப் படித்தோம், எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். அதனால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கோத்தகிரியில் மழை வலுக்கும் மாதங்களில் இந்த ஒரு வசதிக்காகவே அதை விடமாட்டேன். பிரதி நல்லபடியாக முடிந்தது. படிக்க முடியாமல் நின்றவை மிகச் சில செக்டர்கள், அவை கணக்கு இருந்த பகுதியில் இல்லை.

டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்னாலோ கூடவேயோ கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கோப்பு வேறெங்காவது போயிருக்கிறதா? தொழிற்சாலைக்கு நாள்வாரி மொத்த எடை மட்டும்தான் போகும், ஆள்வாரிக் கணக்கு போகாது. ஆனால் ஆடிட்டருக்குச் சில மாதக் கோப்புகளை ஜிமெயிலில் அனுப்பியிருந்தார்கள். அவை அனுப்பிய அஞ்சலில் பத்திரமாக இருந்தன. ஏஜென்ட்டின் ஃபோனில் வாட்ஸ்அப் அனுப்பிய ஆவணங்கள் ஃபோல்டரிலும் ஒன்றிரண்டு கிடைத்தன. இதையெல்லாம் யாரும் அதுவரை யோசிக்கவே இல்லை. கணினியில் தொலைந்தால் கணினியில்தான் தேட வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

அப்புறம் பிரதியின் மேல் இரண்டு விதமாகத் தேடினோம். முதலாவது, எம்எஃப்டியில் மிஞ்சிய வரிகளைக் கொண்டு எடுப்பது. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச நிரல் இதைச் செய்யும். மறுபயன்பாட்டுக்குப் போகாத வரிகள் வழியே சில மாதங்கள் பெயரோடும் தேதியோடும் முழுசாக வந்தன. இரண்டாவது, வரிகளை விட்டுவிட்டு, தட்டில் இருக்கும் பைட்டுகளிலேயே கோப்பின் தொடக்க அடையாளத்தைத் தேடுவது. டெஸ்ட்டிஸ்க்கை எழுதிய கிறிஸ்டோஃப் க்ரெனியே-யின் இன்னொரு இலவச நிரலான போட்டோரெக் இதற்கானது. பெயரில் போட்டோ இருந்தாலும் எக்ஸெல், வேர்டு, பிடிஎஃப் எல்லாவற்றையும் தேடும்.

2007 முதல் வந்த எக்ஸெல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், அதாவது பல சிறு கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. எந்த ஜிப்பும் பி, கே என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். 1989இல் அந்த வடிவத்தைக் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. போட்டோரெக் இந்தத் தொடக்கத்தைப் பிடித்து, பொட்டலத்தின் முடிவு வரை வெட்டி எடுக்கும். கோப்பு தட்டில் துண்டு துண்டாகச் சிதறாமல் ஒரே தொடராக இருந்தால்தான் இது நன்றாக நடக்கும். மாதக் கணக்குகள் சின்னக் கோப்புகள், பெரும்பாலும் ஒரே தொடராகவே இருந்தன. ஆனால் பெயரும் தேதியும் வராது. அர்த்தமில்லாத எண்களைப் பெயராகக் கொண்ட நூற்றுக்கணக்கான கோப்புகள்தான் கைக்கு வரும்.

ஏன் இத்தனை? எக்ஸெல் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது பழையதன் மேலேயே எழுதுவதில்லை. முழுக் கோப்பையும் ஒரு தற்காலிகக் கோப்பாகப் புதிதாக எழுதிவிட்டு, அதற்குப் பழைய பெயரை வைத்து, பழையதை நீக்கிவிடுகிறது. ஆகவே தினமும் சாயங்காலம் எடை ஏற்றிச் சேமித்த ஒவ்வொரு முறையும், முந்தைய வடிவம் ஒன்று டிஸ்க்கின் காலி இடத்தில் விடப்பட்டிருந்தது. ஒரே மாதத்தின் ஐந்தாம் தேதி வடிவம், ஒன்பதாம் தேதி வடிவம், பதினாறாம் தேதி வடிவம் என்று தனித்தனியாகக் கிடைத்தன. கடைசி வடிவம் மேலெழுதப்பட்டுப் போனாலும் அதற்கு முந்தையது எங்கோ பிழைத்திருக்கலாம். எக்ஸெல் கணக்குகளை மீட்பதில் எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை தருவது இந்தப் பழக்கம்தான்.

இவற்றில் எது கடைசி வடிவம் என்று எப்படித் தெரியும்? பொட்டலத்துக்குள்ளேயே, கடைசியாக மாற்றிய நேரத்தை எக்ஸெல் எழுதி வைக்கிறது. வெளியே பெயரும் தேதியும் போனாலும் உள்ளே அது இருக்கும். அந்த நேரம் நம் நேரத்தில் இருக்காது, உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். 13:10 என்று இருந்தால் நமக்குச் சாயங்காலம் 6:40, கணக்கு ஏற்றும் வேளை. இதைக் கொண்டு கோப்புகளை வரிசைப்படுத்தி, மாதத்துக்குக் கடைசி வடிவத்தைப் பொறுக்கினோம். ஜிப் பொட்டலத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. அதைச் சோதித்துச் சரி என்று வந்தவற்றை மட்டும் முழுமையானது என்று எடுத்துக்கொண்டோம். எடையில் ஒரு இலக்கம் மாறினாலும் ஒருவருடைய பணம் மாறும், ஆகவே 'திறக்கிறது' என்பது மட்டும் போதாது.

நடப்பு மாதம்

எல்லாரும் பயந்தது நடப்பு மாதத்துக்குத்தான். அதில் முழுமையாகச் சரிபார்ப்பில் தேறிய கடைசி வடிவம், அழிந்த நாளுக்குச் சில நாள் முந்தையது. அதைவிடப் புதியதாக ஒன்று கிடைத்தது, ஆனால் பின்பாதி வீடியோவால் மேலெழுதப்பட்டிருந்தது. எக்ஸெல் அதைத் திறக்க மறுத்தது.

ஜிப்பில் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகச் சுருக்கப்படுவதால், வால் அறுந்தாலும் தலைப்பகுதியில் உள்ள உறுப்புகளைப் பிரித்தெடுக்கலாம். எக்ஸெல் பொட்டலத்தில் அட்டவணையின் எண்கள் முன்னால் வரும். பெயர் போன்ற எழுத்துகள் பொதுவான ஒரு பட்டியலாகப் பின்னால் வரும். அட்டவணையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பட்டியலின் வரிசை எண் மட்டும் இருக்கும். எனவே எங்களுக்குக் கிடைத்தது, நாள்வாரி எடைகள் முழுவதும், ஆனால் யாருடையது என்ற பெயர் ஒன்றுகூட இல்லாத ஓர் அட்டவணை.

பெயரைப் பொருத்துவதற்கு முந்தைய முழு வடிவம் உதவியது. இரண்டிலும் மாதத்தின் முதல் பாதி பொதுவானது. ஒரு வரியின் முதல் பாதி எடைகள் முழு வடிவத்தில் எந்த விவசாயியின் எடைகளோடு அப்படியே பொருந்துகின்றனவோ, அந்த வரி அவருடையது. இரண்டு பேருக்கு இத்தனை நாள் எடையும் ஒன்றாக இருக்க வழியில்லை. நடுவில் புதிதாகச் சேர்ந்தவர்களின் வரிகள் மட்டும் பொருந்தாமல் நின்றன. அவர்களைக் கணக்கு எழுதும் பெண்ணே நினைவிலிருந்து சொன்னார், பிறகு நோட்டோடு ஒப்பிட்டு உறுதி செய்தோம்.

மிச்சமிருந்த கடைசி இரண்டு நாள் எந்த வடிவத்திலும் இல்லை. அதற்கு விவசாயிகளின் நோட்டுகள்தான் வழி. லீஃப் ஷெட்டில் சொல்லிவிட்டதும், இலை கொண்டு வரும்போது நோட்டையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். நனைந்து மை கலைந்த பக்கங்கள் இருந்தன. பேனாவால் எழுதியதைவிடப் பென்சில் எழுத்துதான் நன்றாக நின்றிருந்தது. ஆள்வாரி எடைகளைக் கூட்டி, அந்த இரண்டு நாளுக்குத் தொழிற்சாலை ரசீதில் இருந்த மொத்தத்தோடு ஒப்பிட்டோம். ஒரு நாள் பொருந்தியது. மற்ற நாளில் சிறு வித்தியாசம் வந்தது, அதை ஏஜென்ட் தன் பக்கம் ஏற்றுக்கொண்டார்.

தீராமல் நின்றது முன்பணம்தான். இலை எடைக்கு நோட்டு உண்டு, கையில் கொடுத்த முன்பணத்துக்குக் கடைசி நாட்களில் எக்ஸெல் பதிவைத் தவிர வேறு எழுத்து கிடையாது. வாங்கியவர்களிடமே கேட்டார்கள். அவர்கள் சொன்ன தொகையையே பதிந்துகொண்டார்கள். பழைய மாதங்களில் சிலவற்றின் ஆள்வாரி விவரம் கடைசி வரை வரவில்லை. பணம் ஏற்கெனவே பட்டுவாடா ஆகி, உரக்கடன் பாக்கி அடுத்த மாதக் கோப்புக்கு வந்துவிட்டதால் யாருக்கும் நஷ்டமில்லை.

இதே சம்பவம், சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி உள்ள கணினியில் நடந்திருந்தால் கதை வேறு. விண்டோஸ் 7 முதல் ட்ரிம் என்ற கட்டளை வந்துவிட்டது. கோப்பை நீக்கியதும் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் எஸ்எஸ்டியிடம் சொல்லிவிடும். அதன்பின் அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்ஜியங்கள்தான் வரும். எம்எஃப்டியில் பெயர் தெரியும், மென்பொருள் 'நல்ல நிலையில் உள்ளது' என்றுகூடக் காட்டும், எடுத்தால் உள்ளே ஒன்றுமிருக்காது. இப்போது வரும் ஹார்ட் டிஸ்க்குகளில் சிலவும், தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் வகை, ட்ரிம்மை ஏற்கின்றன. ஆகவே 'ஹார்ட் டிஸ்க்தானே, எப்படியும் எடுத்துவிடலாம்' என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பென்டிரைவும் கேமரா கார்டும் வேறு மாதிரி: விண்டோஸில் அவற்றுக்கு ட்ரிம் பொதுவாகப் போவதில்லை, ரீசைக்கிள் பின்னும் பொதுவாகக் கிடையாது. படம் எடுப்பதை உடனே நிறுத்தினால் கார்டிலிருந்து நிறையத் திரும்பும்.

டிஸ்க்கிலிருந்து கிர்ர், டக் டக் என்று சத்தம் வந்தால் எந்த மென்பொருளையும் ஓட்ட வேண்டாம். அது திறந்து பார்க்க வேண்டிய ஆய்வகத்துக்கான வேலை, மலையில் செய்யக் கூடியதல்ல.

இப்போது அந்த அலுவலகத்தில் புது டிஸ்க்கும் புது யு.பி.எஸ். பேட்டரியும் இருக்கின்றன. தடுமாறும் பழைய டிஸ்க்கைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தினமும் கணக்கு ஏற்றியதும் தேதி போட்ட நகல் ஒன்று வெளி டிஸ்க்குக்குப் போகிறது. நகல் எடுத்ததும் அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். இன்னொரு நகல் கூகுள் டிரைவில் ஏறுகிறது. தானாக ஒத்திசைக்கும் ஃபோல்டரை மட்டும் நம்ப வேண்டாம் என்று நான் பிடிவாதமாகவே சொன்னேன், ஏனென்றால் இங்கே நீக்கினால் அங்கேயும் நீங்கும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்தான் வைத்திருக்கும். முன்பணத்துக்கும் இப்போது விவசாயியின் நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கிக் கையெழுத்து வாங்குகிறார்கள். பட்டுவாடா முடிந்த மறுநாள், ஏதாவது ஒரு பழைய மாதத்தை நகலிலிருந்து திறந்து மொத்த எடையைத் தொழிற்சாலை ரசீதோடு ஒப்பிடுகிறார்கள். முதல் முறை அப்படிப் பார்த்தபோது கூகுள் டிரைவில் ஒரு மாதம் ஏறாமல் விட்டுப்போயிருந்தது தெரியவந்தது. வெளி டிஸ்க்கில் அது இருந்தது, அன்றே ஏற்றிவிட்டார்கள்.